ஜிஎம்சி மோட்டார்ஹோம்: டாஷ்போர்டைப் புதுப்பித்து ஸ்டியரிங் வீலை மாற்றும் முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாகத் தயாரித்த ஜிஎம்சி மோட்டார்ஹோம்கள் என்ற நடமாடும் வீட்டு வண்டிகள் இன்றும் கணிசமான அளவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் வந்த இந்த வண்டிகளுக்கு ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ காரின் முன்சக்கர இயக்கமும், முதலில் 455 கன அங்குல எஞ்சினும், 1977 முதல் 403 கன அங்குல எஞ்சினும் பொருத்தப்பட்டன. மேற்பகுதி அலுமினியத்தாலும் ஃபைபர்கிளாஸாலும் ஆனதால் வெளித்தகடு எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை. சாய்வான பெரிய முன்கண்ணாடி வழியாக நாள் முழுவதும் வெயில் இறங்குகிறது. எஞ்சின் முன்தளத்துக்கு அடியிலேயே இருப்பதால் கீழிருந்தும் வெக்கை ஏறுகிறது. டாஷ்போர்டின் மேல்விரிப்பு வெளுத்து, இறுகி, பிளந்துபோவதற்கும், ஸ்டியரிங் வீலின் வளையத்தில் மயிரிழைக் கீறல்கள் விழுவதற்கும் காரணம் இதுதான். எனவே எந்தப் பூச்சு, எந்த நிறம், எந்தப் பசை என்ற கேள்விகளை எல்லாம் அந்த முன்கண்ணாடியை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும். காருக்குச் சரியாக இருந்த பொருள் இங்கே இரண்டு கோடைக்காலம்கூடத் தாங்காமல் போகலாம்.

இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்வதே நல்லது. வீலை முதலில் கழற்றிவிட்டால் மீட்டர் பலகையை வெளியே எடுக்கக் கை தாராளமாக நுழையும். டாஷ்போர்டின் பூச்சு நன்றாக இறுகிய பிறகு புதிய வீலைக் கடைசியாகப் பொருத்தினால் அதில் சாயமோ கரைப்பானோ படாது.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்துதல்

காரில் ஒரு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினால் போதும். மோட்டார்ஹோமில் அது போதாது. எஞ்சினுக்கு ஒரு பேட்டரியும் குடியிருப்புப் பகுதிக்கு வேறொரு பேட்டரியும் உண்டு. எஞ்சின் பேட்டரி இறங்கிப்போன வேளையில் இரண்டையும் இணைத்துக்கொள்ளும் பூஸ்ட் சுவிட்ச் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. ஆகவே டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு பேட்டரிகளின் கம்பிகளும் வந்து சேருகின்றன என்பதை மறக்கக் கூடாது. இரண்டின் எதிர்முனைகளையும் கழற்ற வேண்டும். வெளி மின்இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். ஏனெனில் அது செருகியிருக்கும்வரை, வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் உள்ளிருக்கும் கன்வெர்ட்டர், பேட்டரி இல்லாமலேயே குடியிருப்புப் பகுதியின் 12 வோல்ட் கம்பிகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எரிவாயுவை இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டும். குளிர்பெட்டி, வெந்நீர்க் கலம், அறைச்சூடேற்றி ஆகியவற்றில் ஏதோ ஒன்றில், அடுப்பைப் பற்றவைப்பதற்காக எப்போதும் எரியும் சிறு பைலட் சுடர் இருக்க வாய்ப்புண்டு. கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்துபோய் அந்தச் சுடரைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. புரொப்பேன் தொட்டியின் வால்வையே மூடி, சுடர்கள் அணைந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்த பிறகுதான் முதல் டப்பாவைத் திறக்க வேண்டும்.

பழைய வீலைக் கழற்றுதல்

பேட்டரிகளைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியைச் சமமான சாலையில் சில அடி நேராக ஓட்டிக் கொண்டுவந்து, சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் நிறுத்தியிருக்க வேண்டும். நடுவிலுள்ள ஹாரன் மூடியை எடுத்தால் ஹாரனின் தொடுமுனை தெரியும். ஜிஎம் வண்டிகளின் ஹாரன் அமைப்பில் ரிலே என்ற மின்சுவிட்சுக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும்; ஹாரன் பட்டன் செய்வதெல்லாம் அந்த ரிலேயின் கம்பியை எர்த்தோடு சேர்ப்பது மட்டுமே. பேட்டரியைக் கழற்றாமல் இந்த இடத்தில் ஸ்குரூடிரைவரை வைப்பவர்களின் வண்டி தெருவையே எழுப்பிவிடுவதற்கு இதுதான் காரணம். கம்பியின் முனையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையும் வில்சுருளும் இருக்கும். உருளையை மெல்ல உள்ளே அழுத்தி, கால் சுற்று இடப்பக்கமாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். இழுத்துப் பிடுங்கினால் அதன் காதுகள் முறியும்.

அடுத்து நட்டு. அக்காலத்து ஜிஎம் ஸ்டியரிங் தண்டுகள் பலவற்றில் நட்டுக்கு மேலே ஒரு மெல்லிய வளைய கிளிப்பும் இருக்கும். அதை முதலில் எடுத்துவிட வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது வீலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டில் பூட்டு இருந்தால் அதன் பலத்தில் நட்டைத் திருகக் கூடாது. நட்டை முழுவதும் கழற்றாமல் சில புரிகள் பிடித்திருக்கும்படி விட்டுவைத்தால், இறுகிக் கிடந்த வீல் திடீரென விடுபடும்போது முகத்தில் வந்து மோதாது. பிறகு தண்டின் முனையிலும் வீலின் நடுக்குமிழிலும் ஒரே நேர்கோட்டில் வருமாறு அடையாளமிட வேண்டும். தொழிற்சாலையே இட்ட அடையாளம் பெரும்பாலும் இருக்கும் என்றாலும், ஐம்பது ஆண்டு அழுக்கில் அது தெரிவதில்லை.

வீலை வெளியே எடுக்க, அதைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் ஸ்டியரிங் புல்லர் என்ற கருவி தேவை. நடுக்குமிழில் நட்டின் இருபுறமும் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அங்குல அளவிலான ஜிஎம் வீல்களில் இவற்றுக்கு 5/16-18 மரை (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 புரி) போல்ட்டுகள் சேரும். போல்ட்டுகளைக் கையால் முழு ஆழத்துக்குத் திருகி, ஆனால் அடியிலுள்ள இண்டிகேட்டர் பாகத்தில் முட்டாத அளவோடு நிறுத்தி, நடுத்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ‘டக்’ என்ற ஓசையோடு வீல் விடுபடும். எவ்வளவுதான் இறுகியிருந்தாலும் தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. மோதல் நேரத்தில் உள்ளொடுங்குமாறு வடிவமைத்த தண்டுகளில் பிளாஸ்டிக் ஊசிகளே இரு குழாய்களையும் பிணைத்து நிற்கின்றன. சுத்தியலின் அடி அவற்றை முறித்துவிடும். சாய்த்து வைக்கும் வசதியுள்ள தண்டில் பேரிங்குகளும் கெடும். எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள் புல்லரை மீண்டும் மாட்டுவதுதான் சரியான வழி.

டாஷ்போர்டைப் பிரித்தல்

குளிர்ந்த காலையில் இதில் கை வைக்க வேண்டாம். பழைய வினைலும் பிளாஸ்டிக் காதுகளும் குளிரில் கண்ணாடிபோல் முறியும். வண்டிக்குள் 20 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் அவை வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே போக வேண்டும். திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், ஓர் அட்டையில் டாஷ்போர்டின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் பின்னால் நீளத் திருகு குட்டைத் துளையில் நுழைந்து ஒரு கம்பியை ஓட்டை போடும் ஆபத்து இல்லை.

மீட்டர் பலகை திருகுகளை எடுத்ததும் முன்னால் வந்துவிடுவதுபோல் தோன்றும். ஆனால் பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளின் கழுத்திலுள்ள கிளிப்பை அழுத்தியபடி பின்னோக்கித் தள்ள வேண்டும். மீட்டர்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் செப்பு வரித்தாள் மிக மெல்லியது, கிழிந்தால் மாற்று கிடைப்பது அரிது. ஆகவே பிளக்கைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல் அதன் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஏசி, ஹீட்டர் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் காற்றை உறிஞ்சி வேலைசெய்யும் வண்ணவண்ணமான மெல்லிய வெற்றிடக் குழாய்கள் இருக்கும். வண்ணங்கள் மங்கிப்போயிருக்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய டேப்பைச் சுற்றிவிட வேண்டும். உலர்ந்து நொறுங்கும் குழாய்களை இப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். அந்த இடத்துக்குக் கை மீண்டும் எப்போது எட்டும் என்று சொல்ல முடியாது.

பூச்சுக்கு முன்னான வேலை

டாஷ்போர்டின் பூச்சு உரிந்துபோவதற்கும் குழிகுழியாக விழுவதற்கும் நூற்றுக்குத் தொண்ணூறு வேளை சாயம் காரணமாக இருப்பதில்லை. முந்தைய உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பளபளப்புக்காகத் தேய்த்த சிலிக்கோன் திரவமே காரணம். அது வினைலின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். சாயம் அதன்மேல் விழுந்தவுடன் மீன்கண் போன்ற சிறு வட்டங்களாக விலகி ஓடும். எனவே முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு, சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் நாரால் புள்ளி விடாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு மெழுகும் கிரீஸும் நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது ஆவியாவதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த சிலிக்கோன் இருந்த இடத்திலேயே மறுபடி படியும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும்: நீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம், முத்துமுத்தாகத் திரண்டால் கழுவலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெடிப்புகளுக்கு வருவோம். டிங்கரிங் கடைகளில் தகட்டுக்கு வைக்கும் பாலியெஸ்டர் பட்டியை இங்கே வைத்தால் முதல் கோடையிலேயே அது தனியாகக் கழன்று நிற்கும்; வெயிலில் வினைல் நீளும், பட்டி நீளாது. வளைந்துகொடுக்கும் இரு பகுதி யூரித்தேன் நிரப்பியே சரி. வெடிப்பின் ஓரங்கள் பொதுவாக உதடுபோல் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அவற்றைக் கூரிய பிளேடால் ‘வி’ வடிவத்தில் சீவி எடுத்து, உள்ளிருக்கும் ஃபோமைச் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்வாக்கி, வெடிப்பின் இரு முனைகளிலும் ஒரு சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. நிரப்பியை இரண்டு மூன்று தடவையாக வைத்து, 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320 எண்ணில் முடித்துத் தேய்க்க வேண்டும். ஆனால் தேய்த்த இடம் மொழுக்கென்று இருக்கும், சுற்றியுள்ள வினைலிலோ தோல்போன்ற மேடுபள்ளம் இருக்கும். டப்பாவில் வரும் டெக்ஸ்சர் ஸ்பிரேயை மெல்ல, தூரத்திலிருந்து, அந்த இடத்தைத் தாண்டியும் ஒரு சாண் அகலத்துக்கு அடித்தால்தான் ஒட்டு தெரியாது.

விரிப்பு முழுவதும் வெடித்துப்போயிருந்தால் இந்த வேலை எதுவும் நிற்காது. அப்போது பழையதை உரித்துப் புதிய ஃபோமும் வினைலும் இழுத்துப் போர்த்துவதே தீர்வு. மேலே கவிழ்த்து ஒட்டும் பிளாஸ்டிக் மூடிகள் என் பார்வையில் கடைசி வழி. பார்க்கப் புதிதாக இருந்தாலும், அடியிலுள்ள ஃபோம் தொடர்ந்து நொறுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பழைய சாயத்தைத் தேய்க்கும்போது அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும், தூசுக்கேற்ற முகமூடி அணிவதும், அந்த அழுக்குநீரைச் சமையல் தொட்டியில் கொட்டாமலிருப்பதும் அவசியம்.

நிறமும் பூச்சும்

தொழிற்சாலை நிறம்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் வெயில் படாத ஓர் ஓரத்தை, உதாரணமாக மீட்டர் பலகை மூடியிருந்த விளிம்பை, மாதிரியாகக் கொள்ள வேண்டும். மாற்று நிறம் தேடுபவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நினைத்திருக்கும் நிறங்களை அட்டைத் துண்டுகளில் அடித்து டாஷ்போர்டின் மேல் பரப்பி வைத்து, நடுப்பகலில் வெயில் முன்னாலிருந்து விழுமாறு வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வெளிர் நிறமும் பளபளப்பான நிறமும் கண்ணாடியில் ஒரு திரையாகப் பிரதிபலித்துச் சாலையை மறைப்பதை அப்போதே காணலாம். கடையில் கிரீம் நிறத்தை விரும்பி வாங்கியவர்களும் இந்தச் சோதனைக்குப் பிறகு அடர் பழுப்புக்கோ கரும்சாம்பலுக்கோ மாறிவிடுவார்கள். பளபளப்பே இல்லாத மேட் பூச்சு என்பது இந்த வண்டியில் அழகு சார்ந்த தேர்வு அன்று, பாதுகாப்பு சார்ந்தது.

வினைலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்றே விற்கும் நெகிழும் சாயத்தை மட்டும் வாங்க வேண்டும். பாகங்களை வண்டிக்கு வெளியே எடுத்துவந்து காற்றோட்டமான நிழலில் அடிப்பதே முறை. வெளியே எடுக்க முடியாத பகுதிக்குக் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வைத்து, கரி வடிகட்டி உள்ள முகமூடி அணிந்துகொள்ள வேண்டும். கடினமாக்கி கலந்த இரு பகுதி வார்னிஷை வண்டிக்குள் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்க வல்லது; வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் கவசம் இல்லாத வீட்டு வேலைக்கு அது ஏற்றதே அன்று.

முதல் பூச்சு அடிப்பரப்பு தெரியும்படி மிக மெல்லிய தூறலாக இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் டப்பாவைப் பிடித்து, கையை நகர்த்தத் தொடங்கிய பிறகு பொத்தானை அழுத்தி, பாகத்தின் விளிம்பைத் தாண்டிய பிறகு விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இவ்வாறு நான்கைந்து பூச்சுகள். ஒரே மூச்சில் கனமாக அடித்து முடிப்பது அள்ளித் தெளித்த கோலமாகும். வினைலின் மேடுபள்ளத்தைச் சாயம் நிரப்பி, ரப்பர் செருப்பின் அடிபோல் ஆக்கிவிடும். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்தாலும், சில நாட்கள் காயவிட்ட பிறகே திருகுகளை இறுக்க வேண்டும்.

மரவேலைப்பாட்டை விரும்பி, டாஷ்போர்டின் முகப்புக்கு மெல்லிய மரத்தகடு ஒட்டுபவர்கள் உண்டு. சாதாரண காண்டாக்ட் பசை வெக்கையில் இளகி, மரத்தகடு கொப்பளிக்கும். எபாக்சி கொண்டு ஒட்டி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் வார்னிஷ் பூசினால் நிலைக்கும்.

மீட்டர்கள் கைக்குள் இருக்கும்போது

மீட்டர்களை மூடும் அக்ரிலிக் கண்ணாடியை அம்மோனியா கலந்த திரவத்தாலோ ஆல்கஹாலாலோ துடைக்கக் கூடாது. நுண்ணிய விரிசல்கள் ஓடும். சோப்பு நீரும் பிளாஸ்டிக் பாலிஷும் போதும். உள்ளே இருக்கும் பல்புகளை எல்இடியாக மாற்றுவதில் தவறில்லை, வெப்பமும் குறையும். ஆனால் மின்னேற்ற எச்சரிக்கை விளக்கை மட்டும் பழைய இழை பல்பாகவே விட வேண்டும். மின்சாரம் உண்டாக்கும் டெல்கோ 10எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டர் முதலில் உயிர்பெறுவதற்கான மின்னோட்டம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் வண்டி கிளம்பியும் மின்னேற்றம் தொடங்காமல் போகலாம். மீட்டர் பலகையின் எர்த் கம்பியையும் இப்போதே தேய்த்துச் சுத்தமாக்கிவிட வேண்டும். அக்கால ஜிஎம் எரிபொருள் மீட்டர்கள் தொட்டியிலிருந்து வரும் 0 முதல் 90 ஓம் வரையிலான மின்தடையைப் படிப்பவை; எர்த் சரியில்லையென்றால் மீட்டர் பொய் சொல்லும். பலகைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஃபெல்ட் டேப்பை ஒட்டினால் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வராது.

புதிய வீலைத் தேர்ந்து பொருத்துதல்

புதிய வீல் நேராகத் தண்டில் உட்காராது. இடையில் ஓர் அடாப்டர் ஹப் தேவை. ஹப்பின் ஒரு பக்கம் ஜிஎம் தண்டின் பற்களுக்கும், மறுபக்கம் வீலின் துளைகளுக்கும் பொருந்த வேண்டும். மோமோ நிறுவனத்து வீல்களில் ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்திலும், நார்டி நிறுவனத்து வீல்களில் ஆறு துளைகள் 74 மில்லிமீட்டர் வட்டத்திலும் அமைந்தவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அளந்தே வாங்க வேண்டும்.

பந்தயக் கார் வீலைப் பார்த்து மயங்க வேண்டாம். 16 அங்குல வீலுக்குப் பதிலாக 14 அங்குல வீல் போட்டால் அதே திருப்பலுக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். பவர் ஸ்டியரிங் வேலை செய்யும்போது இது தெரியாது. இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோன கணத்தில் தெரியும். வளையத்தின் மேல்விளிம்பு ஸ்பீடோமீட்டரை மறைக்கிறதா என்றும் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய வீலின் கீறல்கள் மேலோட்டமானவையாகவும் உள்ளிரும்பு துருப்பிடிக்காமலும் இருந்தால், எபாக்சி நிரப்பி, தேய்த்து, தோலுறை தைத்துக்கொள்வது மலிவான வழி, உருவமும் மாறாது.

ஹப்பைத் தண்டில் ஏற்றும்போது இண்டிகேட்டரைத் தானே அணைக்கும் கேம் என்ற சிறு பாகத்தின் முனைகள் ஹப்பின் குழிகளில் உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்டின் 36 பற்களில் ஒரு பல் தள்ளினால் வீல் 10 பாகை கோணும். இண்டிகேட்டரும் ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் அணையும். முன்பு இட்ட அடையாளம் இங்கேதான் உதவுகிறது. பல் சரியாக இருந்தும் வீல் இரண்டு மூன்று பாகை சாய்ந்திருந்தால் பற்களை மாற்றிப் பயனில்லை. அதைச் சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் வேலையில், அவற்றைத் திருப்பும் டை ராடுகளைச் சரிசெய்து நேராக்க வேண்டும்.

நட்டைக் கைத்திறனால் ஊகிக்காமல், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஜிஎம் தண்டுகளுக்கு 30 முதல் 35 அடி-பவுண்டு வரை, அதாவது சுமார் 40 முதல் 47 நியூட்டன் மீட்டர் வரை வழக்கமானது. அந்தந்த ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டின் எண்ணே இறுதியானது. பழைய வளைய கிளிப் இருந்திருந்தால் அதையும் மறக்காமல் போட வேண்டும். ஹாரன் கம்பியை ஹப்பின் வழியே கொண்டுவந்து பட்டனில் சேர்த்த பிறகும் ஹாரன் அடிக்கவில்லையென்றால், பெரும்பாலும் கம்பியில் குறை இராது. சாயமோ ஆனோடைஸ் பூச்சோ உள்ள ஹப்பில் எர்த் கிடைக்காமல் போகிறது. வீலின் திருகு ஒன்றின் தலை உட்காரும் இடத்தில் பூச்சைச் சிறிது சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

பேட்டரிகளை இணைத்ததும், வண்டியை நிறுத்திய நிலையிலேயே எஞ்சினை இயக்கி, வீலை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் உரசக் கூடாது. கம்பி இழுபடக் கூடாது. எந்தக் கோணத்திலும் ஹாரன் தானாக அடிக்கக் கூடாது, அழுத்தினால் எந்தக் கோணத்திலும் அடிக்க வேண்டும். முதல் நெடும்பயணம் முடிந்ததும் ஹாரன் மூடியைத் திறந்து, நட்டையும் ஹப்பின் ஆறு திருகுகளையும் மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்துவிட வேண்டும்.